தலைப்பாகை கேட்ட மகனுக்கு

தம்பி,

உன் கடிதம் வந்து இருபத்திரண்டு நாளாகிறது. இவ்வளவு நாள் நான் பதில் போடாமல் இருந்ததில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி வேலையும் எப்போதும் போலத்தான். நலம் விசாரிக்கும் வழக்கமான வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். கோபத்தோடு உட்கார்ந்துகொண்டு அவற்றை எழுதினால் பொய்யாகிவிடும். கோபம் உன் மேலும் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுதப் பார்த்து மூன்று முறை கிழித்தேன். இப்போது பிரிக்காமலே எழுதுகிறேன்.

நீ கேட்டது சின்னப் பொருள்தான். ஆறு கஜம் வெள்ளை மல் துணி, முடிந்தால் ஓரத்தில் மெல்லிய சரிகை. தலைப்பாகை கட்ட வேண்டுமாம். இதுவரை அங்கே நீ குடியிருக்கும் வீட்டுக்காரம்மா கொடுத்த பழைய மேசைவிரிப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாயாம், அது கிழிந்துவிட்டதாம். நம் குடும்பத்தில் தலைப்பாகை கட்டியவர் எவரும் கிடையாது. உன் தாத்தா தலையில் துண்டு கட்டினார். சாதிக்காரர் எவராவது எதிரே வந்தால் அதை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார். அவருடைய பேரன் அமெரிக்காவில் சரிகைத் தலைப்பாகை கேட்கிறான். கடிதத்தின் கடைசி வரியில், 'ஞானப்பூ ஆயா சௌக்கியமா?' என்றும் கேட்டிருக்கிறாய். எனக்குப் பதில் எழுத வராமல் போனதற்கு அந்தக் கடைசி வரியும் ஒரு காரணம்.

துணியை வாங்காமல் இல்லை. கடிதம் வந்த மூன்றாம் நாளே கடைத்தெருவுக்குப் போனேன். நமக்கு வழக்கமாகத் துணி கொடுக்கும் மரைக்காயர் மல் துணியை விரித்துப் போட்டுவிட்டு, "என்னம்மா, தம்பிக்கு அமெரிக்காவுலயே கல்யாணமா? தலப்பால்லாம் கட்டுறாரு?" என்றார்.

"இல்லீங்க. பஸ்ஸுல போறதுக்கு."

சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தார். "பஸ்ஸுல போறதுக்கு டிக்கெட்டுதானேம்மா கேப்பானுவ? அந்த ஊருல தலப்பாவா கேக்குறானுவ?"

விஷயத்தைச் சொன்னேன். கறுப்பர்களுக்குப் பின்னால் இடம், வெள்ளையருக்கு முன்னால் இடம், தலைப்பாகை இருந்தால் வெளிதேசத்துக்காரன் என்று தெரிந்து முன்னால் விடுவார்கள் என்று. அவர் கஜக்கோலை வைத்து அளந்தார். துணியைக் கிழித்து மடித்துக் கொடுக்கும்போதுதான் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. நல்லா காத்தடிச்சு தலப்பா அவுந்து விழுந்துச்சின்னா, அப்ப எங்க உக்காருவாரு?"

துணியோடு வீட்டுக்கு வந்தேன். அஞ்சலாபீசுக்குப் போகவில்லை. நீ படிக்கப் போன பதினாறு மாதத்துக் கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் படித்தேன்.

உன் முதல் கடிதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஐஸ் பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது என்று எழுதினாய். கூடத்தில் படம் காட்டும் பெட்டி இருக்கிறது, குடும்பமே சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்றாய். வீட்டுக்காரம்மாவின் பதினாறு வயது மகன் தலைமயிரை முன்னால் சுருட்டிவிட்டுக்கொண்டு, கறுப்பர்கள் பாடும் பாட்டை ரேடியோவில் அலறவிடுகிறான். அப்பன் வந்து அணைக்கிறான். மகன் மறுபடி போடுகிறான். ஒரு நாள் அப்பன் ரேடியோவையே தூக்கிக் கொல்லையில் எறிந்துவிட்டு, அந்தப் பாட்டு இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று கத்தினான். அவன் கத்தும்போது அதே வீட்டுச் சமையலறையில் லூசில் என்ற கறுப்புப் பெண் அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, என் மகனுக்குக் கண் இருக்கிறது என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வீட்டுக்காரம்மாவைப் பற்றி எழுதியதும் ஞாபகம் இருக்கிறது. யுத்தம் நடந்த வருஷங்களில் கப்பல் கட்டும் இடத்தில் இரும்புத் தகடு பற்றவைக்கும் வேலை செய்தவள். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியதும், போதும், வீட்டுக்குப் போ என்றுவிட்டார்கள். இப்போது பளபளக்கும் அடுப்பை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு, பகல் பதினோரு மணிக்கே மனம் அடங்க ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள் என்றாய். முப்பது வருஷமாகப் பிரசவம் பார்த்து நின்றே கால் வீங்கிப்போன எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. வேலை செய்த கையைக் கட்டிப்போட்டால் மனுஷிக்குக் கிறுக்குத்தான் பிடிக்கும். ஆனால் உனக்குத் தலைப்பாகை யோசனை சொன்னவளும் அவள்தான். 'அக்கம்பக்கத்தார் நீக்ரோவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாயே என்கிறார்கள், தலையில் ஏதாவது கட்டிக்கொள்ளேன்' என்றாளாம். அவளை அடைத்து வைத்த வீட்டுக்கே அவள் காவலும் இருக்கிறாள். இதை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை.

நீ அந்த ஊரில் இறங்கிய முதல் வாரத்தை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. விவரம் தெரியாமல் பஸ்ஸில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாய். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்துக் கத்தினான். எல்லோரும் பார்க்க எழுந்து பின்னால் போனாய். அங்கே இடமில்லை. ஒரு பெண் மடியிலிருந்த துணிமூட்டையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, நகர்ந்து, உன்னை உட்காரச் சொன்னாள். நீயும் அவளும் ஒரே வீட்டு வாசலில் இறங்கியபோதுதான், அவள் அந்த வீட்டில் வேலை செய்யும் லூசில் என்று உனக்குத் தெரிந்தது. 'அம்மா, அவள் மட்டும் நகராமல் இருந்திருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன்' என்று எழுதினாய். அந்தக் கடிதத்தைச் செபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

இப்போது வந்த கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர்க் கறுப்பர்கள் எல்லோரும் இனி பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவு செய்து நடக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கிழவிகள் நடக்கிறார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் நடக்கிறார்கள், மழையிலும் நடக்கிறார்கள். அதற்குப் பிறகு நீ எழுதிய வரிகளை இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன். 'லூசிலும் நாலு மைல் நடந்துதான் வருகிறாள். அதனால் காலைக் காப்பி தாமதமாகிறது. பஸ் காலியாக ஓடுகிறது, இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம்.'

இதை நீதான் எழுதினாயா என்று கையெழுத்தை உற்றுப் பார்த்தேன். உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில், ஆணியில், உன் அப்பாவின் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. முதல் முறை கிழித்தது அப்போதுதான்.

அந்தத் தொப்பியின் கதையை உனக்கு நாங்கள் முழுதாகச் சொன்னதில்லை. உன் அப்பாவும் நானும் கோட்டுச்சேரிப் பக்கத்துச் சேரியில் பிறந்தவர்கள். கல்யாணமான வருஷமே, காரைக்காலைப் போலவே பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனுக்குக் கப்பல் ஏறினோம். அவருக்குத் துறைமுகத்தில் காவல் வேலை. நான் அங்கே கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்தேன். நம் பழைய சட்டம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று எழுதிக் கொடுத்து, பெயருக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுப் பெயரை ஒட்டிக்கொண்டோம். அவர் தொப்பி வைத்தார், நான் கவுன் போட்டேன், இரண்டு பேரும் பூட்ஸ் போட்டோம். நீ அங்கே பிறந்தாய். உனக்கு எட்டு வயதாகும்போது காரைக்காலுக்குத் திரும்பி, கோட்டுச்சேரிக்குப் போகாமல் கோவில்பத்தில் வீடு பிடித்தோம்.

நம் மாதா கோயிலின் உள்ளே எப்படி என்று உனக்குத் தெரியும், ஆனால் ஏன் அப்படி என்று நீ கேட்டதே இல்லை. பீடத்துக்கு முன்னால் ஆறு பெஞ்சு, துரைகளுக்கும் தொப்பிக்காரருக்கும். அதற்குப் பின்னால் நடுப்பகுதியில் தரையில் பாய், சாதிக்காரருக்கு. இடது பக்கம் மரக் கிராதி அடித்து, அதற்கு அப்பால் சேரிக்காரர்கள். அவர்களுக்கு வாசலும் தனி. கிராதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீடத்தைப் பார்த்தால் ஒரு தூண்தான் தெரியும். நான் பதினெட்டு வயது வரை அந்தத் தூணைப் பார்த்துத்தான் செபம் சொன்னேன். சைகோனிலிருந்து வந்த முதல் ஞாயிறு, உன் அப்பா தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எங்கள் அப்பன் பாட்டன் யாரென்று ஊருக்கே தெரியும். ஆனால் தொப்பியும் பூட்சும் இருந்தால் கேட்கக்கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு எனக்குப் பீடம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் இடது பக்கம் நான் திரும்பவே இல்லை.

இப்போது ஞானப்பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலில் உனக்கு முதல் முறையாக அப்பம் தந்து புதுநன்மை கொடுத்த நாள். வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவர்த்தி. கோட்டுச்சேரியிலிருந்து ஞானப்பூ விடியற்காலையில் கிளம்பி வந்துவிட்டாள். உன் மெழுகுவர்த்தியைச் சுற்றிக் கட்டுவதற்கு ஜிகினாத் தாளில் பூச்செய்து, நசுங்காமல் ஓலைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். நீ அவள் கையை விடாமல் அவளோடுதான் கோயிலுக்குள் போவேன் என்று அடம் பிடித்தாய். பெரிய வாசலில் கோயில்பிள்ளை மறித்தார்.

"இது யாரும்மா?"

உன் அப்பா தொப்பியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் ஒரு கணம்தான் யோசித்தேன். "புள்ளையோட ஆயாங்க" என்றேன்.

"வேலக்காரின்னா சரி, வரட்டும். உக்காரக் கூடாது, நிக்கணும்."

பூசை முழுவதும் அவள் நம் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். உன் மெழுகுவர்த்தி உருகிக் கையில் வழிந்தபோதெல்லாம் துடைத்துவிட்டாள். அவள் என் அக்கா, தம்பி. ஒரே வயிற்றில் என்னைவிட நாலு வருஷம் முன்னால் பிறந்தவள். எங்கள் அம்மா செத்த பிறகு நடவுக்குப் போய் எனக்குச் சோறு போட்டவள். உனக்குப் பெரியம்மா. அவளை எப்படியாவது முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். இன்று எழுதும்போது கை கூசுகிறது.

பொய் ஒரு நாளோடு நிற்கவில்லை. ஊருக்கு முன்னால் சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. ஆயா என்றே கூப்பிடு என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தோம். பத்து வயதில் உன்னைப் புதுச்சேரி விடுதியில் சேர்த்துவிட்டோம். உனக்கு உண்மை தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை தெரிந்தும் கேட்காமல் இருந்திருந்தால், அதுவும் என் வளர்ப்புத்தான். அவள் என்னைத் திட்டவில்லை. அன்று கோயிலிலிருந்து வரும் வழியில், "நல்ல வேலதான்டி குடுத்திருக்க. சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நம் வீட்டு முன்வாசல் வழியாக அவள் வந்ததில்லை. கொல்லைக் கதவைத் தட்டி, "ஆயா வந்திருக்கேன் மதாம், தொறங்க" என்பாள். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைதான். நானும் சிரித்துக்கொண்டே திறந்திருக்கிறேன்.

உன் அப்பா போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சுக்காரன் கொடியும் இறங்கி இரண்டு வருஷமாகிறது. துரைகள் கப்பல் ஏறினார்கள், தொப்பிக்காரரில் பாதிப்பேர் அவர்களோடு போனார்கள். முன்னால் ஆறு பெஞ்சும் காலி. ஞாயிற்றுக்கிழமை அதில் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பின்னால் ஜனங்கள் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு தரையில் இருப்பார்கள், இடது பக்கம் வாசல் வரைக்கும் நின்றுகொண்டிருப்பார்கள். சுதந்திரம் வந்துவிட்டது என்று நகரசபை மெரியில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கிராதியை யாரும் தொடவில்லை. 'பஸ் காலியாக ஓடுகிறது, இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம்' என்ற உன் வரி என்னை ஏன் அப்படிச் சுட்டது என்று இப்போது உனக்குப் புரியும்.

உன் கடிதம் வந்த அதே வாரம், சேரிப் பள்ளிக்கூட வாத்தியார் ஆரோக்கியசாமி ஒரு மனுவோடு வந்தார். கிராதியை எடுக்க வேண்டும், எல்லோரும் எங்கும் உட்காரலாம் என்று பங்குச்சாமியாருக்கு மேலே இருக்கும் மேற்றிராணியாருக்கு எழுதிய மனு. இடது பக்கத்தில் எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ போட்டிருந்தார்கள்.

"நீங்க போட்டாத்தாம்மா அங்க காதுல விழும். முன் பெஞ்சுல இருக்கறவங்க யாரும் இன்னும் போடல" என்றார்.

"முன் பெஞ்சுல இருக்கறதே நான் ஒருத்திதான் வாத்தியாரே."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிங்கம்மா" என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எங்கப்பாவும் அந்தத் தூணப் பாத்துக்கிட்டே முப்பது வருஷம் யோசிச்சாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. பங்குச்சாமியாரைப் போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. மெதுவாகச் செய்வோம் அம்மா, அவசரப்பட்டால் சண்டை வரும் என்றார். உன் கல்லூரிப் பேராசிரியரும் கறுப்பர் விஷயத்தில் இதையே சொல்கிறார் என்று முன்பு எழுதியிருந்தாய். நல்லவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். மெதுவாக என்றால் எத்தனை வருஷம் என்று மட்டும் எவரும் சொல்வதில்லை.

போன புதன்கிழமை எனக்கு ஓய்வு. மழை விட்டிருந்தது. லூசில் நடக்கும் தூரம் நாலு மைல் என்றாயே, கோவில்பத்திலிருந்து ஞானப்பூ வீட்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். நடந்து பார்ப்போம் என்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினேன். கோட்டுச்சேரி பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர், "என்ன மதாம், ஏறலியா?" என்றான். இல்லை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விசில் ஊதினான். இரண்டாவது மைலிலேயே பூட்ஸ் கடித்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ரோட்டில் வெறுங்காலோடு நடந்து எத்தனையோ வருஷமாகிறது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு நாள் நடப்பதற்கே எனக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. லூசில் தினம் போக வர நடக்கிறாள், நடந்து வந்து நின்றுகொண்டு உனக்குக் காப்பி போடுகிறாள்.

ஞானப்பூ வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"என்னடி சட்டைக்காரி, பூட்ச கையில தூக்கிட்டு வர்ற? பஸ்ஸுக்காரன் எறக்கி வுட்டுட்டானா?"

"நடந்து வந்தேன்."

"யாரு செத்தா?"

உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். தலைப்பாகை வந்ததும் சிரித்துவிட்டாள். "இங்க தொப்பி, அங்க தலப்பாவா? நம்ம தலையில எதையாவது கவுத்தாத்தான் மனுசங்கறானுவளா?" என்றாள். லூசில் நடப்பது வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பொம்பளைக்கு என்ன வயசு?"

"எழுதல. நம்ம வயசு இருக்கும்."

"மூட்டு வலிக்காதாடி அவளுக்கு?" கீரைக் காம்பை ஒடித்துப் போட்டுவிட்டு, "அவ நடக்குறப்ப நம்ம புள்ள பஸ்ஸுல போவான்ல? சன்னல் வழியா அவளப் பாப்பானா?"

"அதையும் எழுதல."

"பாத்திருப்பான். பாத்ததுனாலதான் எழுதல."

இன்னொரு பிடி கீரையை எடுத்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "அவனுக்கு நான் யாருன்னு தெரியுமாடி?"

தெரியாது என்றேன்.

"பதினெட்டு வருசமாச்சு. இன்னும் ஆயாதானா?" குரல் உயரவில்லை. "சொல்லிப்புடு. நான் செத்தப்பறம் சொன்னின்னா எனக்குப் பூசைதான் வப்பான். அத வச்சு நான் என்ன பண்ண?"

"எழுதுறேன்க்கா. இன்னிக்கே எழுதுறேன்."

"எழுதறது கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம நீ எங்க உக்காருவ?"

திரும்பும்போதும் நடந்தேன். இரண்டாவது முறை எழுதி வைத்திருந்த கடிதத்தை வந்ததும் கிழித்தேன். அதில் உனக்கு நிறைய புத்தி சொல்லியிருந்தேன். நான் மட்டும் காலிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு உன்னைப் பஸ்ஸிலிருந்து இறங்கச் சொன்னால் அது என்ன புத்தி? மூன்றாவது கடிதத்தை எழுதும்போதே கிழித்தேன். அதிலும் ஞானப்பூவை எனக்கு வேண்டிய ஒருத்தி என்றுதான் எழுதியிருந்தேன். அக்கா என்ற வார்த்தையை எழுத இன்னும் நாலு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதே கவுனும் பூட்சும் போட்டுக்கொண்டுதான் போனேன். புடவை கட்டலாமா என்று யோசித்தேன். அதுவும் ஒரு வேஷமாகிவிடும் என்று தோன்றியது. பெரிய வாசல் வழியாகப் போகாமல் இடது பக்க வாசலுக்குப் போனேன். பூட்சைக் கழற்றி மற்ற செருப்புகளோடு வைத்தேன். பழைய கோயில்பிள்ளையின் மகன்தான் இப்போது கோயில்பிள்ளை. ஓடி வந்தான்.

"மதாம், வழி தவறி வந்துட்டீங்க. ஒங்க எடம் அங்க."

"என் அக்கா இங்க இருக்காப்பா" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். பாதிக் குரல்தான் வந்தது.

அவன் ஞானப்பூவைப் பார்த்தான். அவள் செபமாலையைக் கீழே வைக்காமலே, "ஆமாம்ப்பா, எனக்குத் தங்கச்சி. கொஞ்சம் மந்தம். இப்பத்தான் வழி தெரிஞ்சுது" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். நான் உட்காரப் போனதும் என்னிடம், "தள்ளி உக்காருடி. ஒன் கவுனு பாதிப் பாய அடைக்குது" என்றாள்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. கிராதி அங்கேயேதான் இருக்கிறது. பக்கத்தில் இருந்த ஒரு பெண், 'மதாம் நாடகம் ஆடுது' என்று காதில் விழும்படியே சொன்னாள். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. எனக்கும் தூண்தான் தெரிந்தது. சாதிக்காரர் வீடுகளில் இரண்டு இடத்தில், அடுத்த மாதப் பிரசவத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி என் கையில் பிறந்தவள். திங்கட்கிழமை வாத்தியாரைக் கூப்பிட்டு மனுவில் கையெழுத்துப் போட்டேன். சேரிப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில் இந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன். கோயில் வாசலில் எல்லோருக்கும் முன்னால் சொன்ன பொய்யை உனக்கு மட்டும் உறைக்குள் வைத்துத் திருத்தினால் போதாது. கப்பலில் இது உன்னிடம் வந்து சேருமுன் நம் பங்கில் பாதிப்பேர் படித்திருப்பார்கள்.

உன்னிடம் நான் கேட்பது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தலைப்பாகை இல்லாமல் போனால் உன்னை அடிக்கலாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். வெளிநாட்டுக்காரனுக்கு இது எதற்கு என்று கல்லூரியிலிருந்து அனுப்பிவிடலாம். படிப்பு பாதியில் நின்றுபோகலாம். எனக்குப் பயமில்லை என்று எழுதினால் நம்பாதே. பெற்றவள், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் காப்பாற்றிய சாமர்த்தியத்தை உனக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. நீ கெட்டவன் இல்லை, தம்பி. உனக்கு இடம் கொடுத்தவளை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவது எப்படி என்று எட்டு வயதிலேயே நாங்கள் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்துவிட்டோம். நீ நன்றாகக் கற்றுக்கொண்டாய்.

ஆகவே, தலைப்பாகைத் துணி வராது. போன வெள்ளிக்கிழமை பகலில் கோட்டுச்சேரிமேட்டில் ஒரு மீன்காரப் பெண்ணுக்குப் பிரசவம். இரட்டை. சுற்றிப் படுக்க வைக்க வீட்டில் நல்ல துணி இல்லை. அனுப்புவதா வேண்டாமா என்று தூக்கிக்கொண்டு திரிந்த உன் மல் துணி பையில் இருந்தது. சரிகையைப் பிய்த்துவிட்டு, ஆறு கஜத்தையும் துண்டு துண்டாகக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். நல்ல துணி, ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிறது.

பஸ்ஸை விட்டு இறங்கு. லூசிலோடு நட. உன்னோடு நடக்க அவளுக்கு இஷ்டமில்லை என்றால் கோபித்துக்கொள்ளாமல் பத்தடி பின்னால் நட. வீரம் பேசி எனக்கு எழுத வேண்டாம். எத்தனை நாள் நடந்தாய், செருப்பு எங்கே கடித்தது, இதை மட்டும் எழுது. காப்பியை நீயே போட்டுக்கொள், அவளுக்கும் ஒரு கோப்பை போட்டுக் கொடு.

எழுதி முடித்ததை ஞானப்பூவுக்குப் படித்துக் காட்டினேன். தன் பங்குக்கு ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். அந்த ஊரில் மூட்டு வலிக்கு என்ன எண்ணெய் தேய்ப்பார்கள் என்று அந்தப் பெண்ணிடம் விசாரித்து எழுத வேண்டுமாம். நீ அவளோடு உட்கார்ந்து பேசினால்தான் இதற்குப் பதில் எழுத முடியும் என்பது ஞானப்பூவுக்குத் தெரியும்.

என் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் கைநாட்டு உன் பெரியம்மாவுடையது. மை கொஞ்சம் பரவிவிட்டது. வேறு காகிதத்தில் போடலாமா என்று கேட்டேன். இதுவே இருக்கட்டும், பிள்ளைக்கு அடையாளம் தெரியட்டும் என்றாள்.

அம்மா